நேட்டிவ் பிளேஸ் கேட்காத வாசல்

எனக்குத் தலைக்கனம் உண்டு என்று எங்கள் சொந்தக்காரர்கள் கல்யாண வீடுகளில் பேசிக்கொள்வார்கள். உண்மைதான். ஆனால் அது சும்மா வந்ததில்லை. தொண்ணூறுகளின் கடைசியில், கோயமுத்தூர் கணபதியில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியின் மாடியறையில் உட்கார்ந்து நானே சம்பாதித்தது. இன்றைக்கு ஆளாளுக்கு 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' என்கிறார்கள். வெப்சைட்டுக்கு வருகிறவர் சிரமப்பட்டால் தேடுபொறி அந்த வெப்சைட்டைக் கீழே தள்ளிவிடும் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் பாடம் எடுக்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வருகிறது. அந்தப் பெயரெல்லாம் எங்கள் காதில் விழுவதற்கு முன்பே நாங்கள் அதைப் பட்டுத் தெரிந்துகொண்டோம்.

அந்தக் கம்பெனியில் நான் டைப்பிஸ்டாகத்தான் சேர்ந்தேன். டெலிபோன் எடுப்பதும் என் வேலை. அம்மா அப்போது சோமனூரில் ஒரு தறிக் குடோனில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். அப்பா இல்லை. எங்களுக்குப் பூர்வீகம் தாராபுரம் பக்கம். அங்கே தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் காட்டில் வேலை செய்த குடும்பம் எங்களுடையது. அம்மாவுக்கு அது பிடிக்காமல்தான், நான் கைக்குழந்தையாக இருந்தபோதே மூட்டையைக் கட்டிக்கொண்டு சோமனூர் வந்தாள். அவளுக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்திருக்க வேண்டும்.

வேலை கேட்டுப் போன அன்று முதலாளி என் சர்ட்டிபிகேட்டுகளைப் பார்க்கவே இல்லை.

"எந்த ஊரு அம்மணி?" என்றார்.

"சோமனூருங்க."

"சொந்த ஊரே அதானா?"

"இல்லீங்க. தாராபுரம் பக்கமுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அவரும் தாராபுரம் பக்கம்தான். நிலபுலன் உள்ள குடும்பம், அமராவதிப் பாசனம். எந்தக் கிராமம் என்று கேட்டார், சொன்னேன். அடுத்த ஊர்தான் அவருடையது. இன்னும் மலர்ந்தது. அங்கே யார் வீடு, எந்த வீதி என்று கேட்டார். அதையும் சொன்னேன்.

"ஓ… செரி செரி" என்றார்.

அந்தச் 'செரி'க்கு என்ன அர்த்தம் என்று எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. குரல் மாறவில்லை, மரியாதை குறையவில்லை. ஆனால் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டார். வேலை கொடுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். என் டைப்பிங் வேகத்தைப் பார்த்து அன்றைக்கே சேரச் சொன்னார். நல்ல மனிதர்தான். யார் வந்தாலும் அந்தக் கேள்வியைத்தான் கேட்பார். லாரி டிரைவரைக் கேட்பார், ஆடிட்டரைக் கேட்பார், தண்ணீர் கேன் போட வந்தவரைக்கூடக் கேட்பார். வந்தவர் யார் எவர் என்று தெரியாமல் அவருக்குப் பேச்சு ஓடாது.

அந்தச் சமயத்தில்தான் ஊரில் இன்டர்நெட் வந்தது. பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக வெப்சைட் வைத்துக்கொள்ள ஆரம்பித்தன. எங்கள் முதலாளிக்குப் பொறுக்குமா? பெங்களூரிலிருந்து ஒரு டிசைனரைக் கூட்டி வந்து, இதுவரை கோயமுத்தூரே பார்க்காத மாதிரி செய்து கொடுக்கச் சொன்னார். அந்த டிசைனரும் செய்து கொடுத்தார்.

முதல் பக்கத்தில் பிள்ளையார். அவருக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, அதன் சுடர் அசையும். கீழே கம்பெனியை ஆரம்பித்த பெரியவரான முதலாளியின் அப்பா படம், மாலையோடு. பின்னணியில் கீச்சுக்குரலில் ஒரு நாதஸ்வரம். 'தங்கள் வரவு நல்வரவாகுக' என்று ஆங்கிலத்தில் வளைந்து வளைந்து ஓடும் எழுத்து. அந்த எழுத்தும் எழுத்தில்லை, படம்தான். ஒரு கல்யாணப் பத்திரிகையை டிவிப் பெட்டிக்குள் வைத்த மாதிரி இருந்தது. எங்கள் டெலிபோன் லைனில் அந்தப் பக்கம் முழுதாக வந்து சேர்வதற்குள் அடுப்பில் வைத்த பால் பொங்கிவிடும்.

அதைத் தாண்டினால் ஒரு ஃபாரம். இது முதலாளியே சொல்லிச் செய்யவைத்தது. பெயர், தொழில், ஊர், அதற்குக் கீழே 'நேட்டிவ் பிளேஸ்', அதற்கும் கீழே 'யார் சொல்லி வந்தீர்கள்'. எல்லாவற்றையும் நிரப்பினால்தான் மோட்டார் இருக்கும் பக்கம் திறக்கும். ஒன்றை விட்டாலும் சிவப்பு எழுத்தில் திட்டித் திருப்பி அனுப்பும். ஆஸ்திரேலியாவில் இருக்கிற ஒரு விவசாயி தன் நேட்டிவ் பிளேஸ் என்று எதைப் போடுவார் என்று யாரும் யோசிக்கவில்லை. எங்கள் ஊர் ஆட்களைத் தவிர உலகத்தில் வேறு யாருக்கும் இப்படி ஒரு வெப்சைட் செய்யத் தோன்றியிருக்காது.

திறப்பு விழா அன்று கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினார்கள். டீலர்களுக்கெல்லாம் கேசரி, காபி. மானிட்டருக்குப் பொட்டு வைத்ததில் கொஞ்சம் குங்குமம் கீபோர்டில் விழுந்து, ரொம்ப நாளைக்கு ஒரு பட்டன் அமுங்காமல் கிடந்தது.

வெப்சைட் வந்ததால் எனக்கு நல்லது நடந்தது. அதற்கு வரும் ஈமெயிலைப் பார்க்க ஆள் வேண்டும். நான் ஏற்கெனவே காந்திபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சனிக்கிழமைதோறும் வெப்சைட் எழுதப் படித்துக்கொண்டிருந்தேன். அதனால் என்னை டெலிபோன் மேசையிலிருந்து எடுத்து மாடியறையில் உட்கார வைத்தார்கள். குளிர்சாதனம் இருந்த ஒரே அறை அது. சுழல்கிற, கைப்பிடி வைத்த ஒரு நாற்காலியும் கொடுத்தார்கள். முதல் நாள் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அதில் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தேன். எங்கள் குடும்பத்தில் கைப்பிடி வைத்த நாற்காலியில் சம்பளத்துக்கு உட்கார்ந்த முதல் ஆள் நான்.

ஆனால் ஈமெயில்தான் வரவில்லை.

முதலாளி தினம் காலையில் மாடிக்கு வருவார். ஒற்றை விரலால் சர்ச் என்ஜினில் 'சப்மெர்சிபிள் பம்ப் கோயம்புத்தூர்' என்று தட்டுவார். மற்ற கம்பெனிகள் எல்லாம் வரும். சில நாள் பீளமேட்டுப் பக்கம் ஒரு சின்னப் பட்டறைகூட வரும். எங்கள் கம்பெனி மட்டும் எத்தனை பக்கம் புரட்டினாலும் வராது. அவர் நெற்றி சுருங்கிக்கொண்டே போனது. ஆடி மாதத்தில் ஒரு நாள் எழுந்து நின்று சொல்லிவிட்டார்.

"இது ஆகற காரியமில்லீம்மணி. இந்தக் கம்ப்யூட்டரைக் கீழ கணக்குக்குக் குடுத்துப்போடலாம். நீ பழையபடி டெலிபோனுக்குப் போயிரு."

டெலிபோன் மேசை மட்டமான இடம் ஒன்றும் இல்லை. ஆனால் நான் மேலே வந்தது வெப்சைட்டுக்காக. அது தோற்றுப்போய் நான் கீழே இறங்கினால், நானும் தோற்றதாகத்தான் கணக்கு. நான் செய்யாத வேலைக்கு நான் ஏன் இறங்க வேண்டும் என்று கோபம் வந்தது.

"ஆயுத பூஜை வரைக்கும் டைம் குடுங்க சார். நானே இதைச் சரி பண்ணிக் காட்டறனுங்க" என்றேன்.

"நீயா? பெங்களூர்க்காரன் செஞ்சதை நீ சரி பண்றியா?"

"ஆமாங்க."

என்னை ஒரு தடவை பார்த்தார். "செரி, பண்ணிப் பாரு. இல்லீன்னா டெலிபோன்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வாய் பெரிதாகப் பேசிவிட்டது. எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அந்த வாரம் தாராபுரத்திலிருந்து எங்கள் டீலர் ஒருவர் சரக்கு எடுக்க வந்திருந்தார். பருத்த ஆள், குரலும் பெரிது. லாரியில் மோட்டார் ஏற்றும் வரைக்கும் அவருக்கு வேலை இல்லை. மாடிக்குக் கூப்பிட்டு என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.

"அண்ணா, ஒரு ஒதவி பண்ணுங்க. நம்ம வெப்சைட்டுக்குள்ள போயி, உங்க கடைக்கு வர்ற ஒரு விவசாயிக்கு எந்த மோட்டார் சரிப்படும்னு கண்டுபிடிங்க. நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

அவர் மவுஸைக் கையில் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். பிள்ளையார் மேலிருந்து கீழாக மெதுவாக வந்துகொண்டிருந்தார்.

"வெளக்கு மட்டும் ஆடுது, மோட்டாரக் காணமே அம்மணி?"

"இருக்குங்கண்ணா, உள்ள போங்க."

ஃபாரம் வந்தது. பெயர் அடித்தார். ஊர் அடித்தார். நேட்டிவ் பிளேஸ் என்ற இடத்தில் விரல் நின்றது. அதை விட்டுவிட்டுக் கீழே போனார். சிவப்பு எழுத்து வந்து திருப்பி அனுப்பியது. அவருக்கு வந்ததே கோபம்.

"ஏனுங்க, நான் மோட்டாருக்கு வந்தனா, பொண்ணு பாக்க வந்தனா? மோட்டார் பாக்கறதுக்கு என்ர சொந்த ஊரு எதுக்குங்க?"

மவுஸைத் தள்ளிவிட்டு எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்.

நான் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். 'எதுக்குங்க' என்ற அந்த ஒரு வார்த்தையை நான் பள்ளிக்கூடத்திலிருந்து வாய்க்குள் வைத்திருக்கிறேன். சொந்த ஊர் எது என்று ஹாஸ்டலில் கேட்டார்கள், வாடகை வீட்டில் கேட்டார்கள், இதே கம்பெனியில் கேட்டார்கள். ஒரு இடத்திலும் என்னால் அதைத் திருப்பிக் கேட்க முடிந்ததில்லை. இந்த மனிதர் கண்ணிமைக்கும் நேரத்தில் கேட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். அவருக்கு எங்களை விட்டால் வேறு கம்பெனி இருக்கிறது, அதனால் கேட்டார். எனக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெரிய நிம்மதியாகவும் இருந்தது. கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு வந்தவரை விடவில்லை. உங்கள் கடைக்கு மோட்டார் வாங்க வருகிறவர் முதலில் என்ன கேட்பார் என்று கேட்டேன்.

"அவன் எங்க கேக்கறான்? நான்தான் கேப்பேன். போர் எத்தன அடி? தண்ணி எத்தன அடியில நிக்குது? எத்தன ஏக்கராவுக்குப் பாயோணும்? அவ்வளவுதான். அதுக்கு மேல கேட்டா பக்கத்துக் கடைக்குப் போயிருவான்."

அவர் போன பிறகு நான் சர்ச் என்ஜின்களைப் பற்றித் தேடித்தேடிப் படித்தேன். அப்போது தமிழில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆங்கிலத்தில் இருந்ததும் அரைகுறை. படிக்கப் படிக்க எனக்கு விளங்கியது இதுதான். சர்ச் என்ஜின் ஒரு புரோகிராமை அனுப்புகிறது. அது ஒவ்வொரு வெப்சைட்டாகப் போய், அங்கே இருக்கிற எழுத்தை வாசித்துக்கொண்டு திரும்புகிறது. அதற்குப் படம் தெரியாது, பாட்டுக் கேட்காது. ஃபாரம் நிரப்பவும் தெரியாது. ஆக, அது எங்கள் வெப்சைட்டுக்கு வந்திருக்கிறது. வாசிக்க ஒரு எழுத்தும் இல்லாமல், ஃபாரத்தைத் தாண்டவும் முடியாமல், வெளியிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறது. மோட்டார் என்ற சொல்லையே அது எங்கள் வாசலில் பார்க்கவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சர்ச் என்ஜின் புதிதாக ஒரு வேலையும் தொடங்கியிருந்தது. தேடுகிறவர்கள் எந்த முடிவை அமுக்குகிறார்கள், போன இடத்தில் தங்குகிறார்களா, உடனே திரும்பி வந்து அடுத்ததை அமுக்குகிறார்களா என்று கவனித்து, அதை வைத்து வரிசையை மாற்றியது. அதைப் படித்தபோது நான் மேசையைத் தட்டிவிட்டேன். வருகிறவருக்குப் பிடிக்காத வாசலை மிஷினுக்கும் பிடிக்காது! பிள்ளையார் கோவித்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்துக்கொண்டு, வெப்சைட்டை முதலிலிருந்து எழுத உட்கார்ந்தேன்.

ஃபாரத்தை எடுக்கப் போகிறேன் என்று சொன்னதும் முதலாளி மாடியேறி வந்துவிட்டார்.

"யாரு எவருன்னு தெரியாம எப்பிடிம்மணி ஊட்டுக்குள்ள உடறது? வந்தவனைப் பத்தி நாலு வார்த்தை கேக்கறதுதான மரியாதை?"

எனக்குப் பதில் தயாராக இருந்தது. எத்தனை வருடமாகத் தயாராக இருந்தது என்று அவருக்குத் தெரியாது.

"சார், நான் வேலைக்கு வந்தப்ப நீங்க கேட்டீங்க. நான் நின்னு பதில் சொன்னேன். ஏன்னா எனக்கு வேலை வேணும். இதுக்குள்ள வர்றவங்களுக்கு நம்மகிட்ட ஆக வேண்டியது ஒன்னுமில்லீங்க. கேட்டா நிக்க மாட்டாங்க, போயிருவாங்க. இத்தனை நாளா போயிட்டுத்தான் இருக்காங்க."

எனக்குக் காது சூடாகிவிட்டது. அதிகம் பேசிவிட்டோமோ என்று நினைத்தேன், ஆனால் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை. அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். கீழே யாரோ ஒரு மோட்டாரைச் சோதனை போட்டுக்கொண்டிருந்தார்கள். அது நிற்கும் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற என்னதான் கேப்ப அவங்களை?" என்றார் கடைசியில்.

"உங்க போர் எத்தனை அடின்னு மட்டும் கேப்பேனுங்க."

"அப்பா படத்தையும் எடுத்துருவியா?"

"எடுக்கலீங்க சார். உள்ள தனி அறை மாதிரி ஒரு பக்கம் போட்டு அங்க வெக்கறேன். பூஜை ரூம வாசப்படியில யாரும் வெக்க மாட்டாங்கல்ல?"

அதைக் கேட்டதும் லேசாகச் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அடுத்த வாரங்களில் நான் உழைத்த மாதிரி அதற்கு முன்பு உழைத்ததில்லை. நாதஸ்வரத்தை நிறுத்தினேன். குத்துவிளக்கை அணைத்தேன். படமாக இருந்த எழுத்தையெல்லாம் எழுத்தாகவே அடித்தேன். எங்கள் மோட்டார்களுக்கு முதலாளி வீட்டுப் பெண் குழந்தைகளின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள். உலகத்தில் யாரும் மோட்டார் வாங்க அந்தக் குழந்தைகளின் பெயரைத் தேடப் போவதில்லை. அதனால் ஆழத்தை வைத்துப் பக்கங்களைப் பிரித்தேன். இருநூறு அடி போருக்கு எது, முந்நூறு அடிக்கு எது, தண்ணீர் கீழே போய்விட்டால் என்ன செய்வது, மின்சாரம் ஏறி இறங்கும் ஊரில் எது தாங்கும். பட்டறையில் இறங்கி ஃபிட்டர்களைக் கேட்டுக் கேட்டு, நேரான ஆங்கிலத்தில் எழுதினேன். முதல் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வி, 'உங்கள் போர் எத்தனை அடி?' அதற்குக் கீழே அடிகள் வரிசையாக. அமுக்கினால் மோட்டார். எங்கள் டெலிபோன் லைனிலேயே அது சட்டென்று வந்து நின்றது.

சர்ச் என்ஜின்களுக்கு மறுபடி விண்ணப்பம் போட்டேன். அப்போதெல்லாம் இன்றைக்குப் போட்டு நாளைக்கு வராது. வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆவணி போனது. புரட்டாசி வந்தது. முதலாளி தினம் காலையில் வந்து ஒற்றை விரலால் தட்டினார். வரவில்லை. "ம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். அந்த 'ம்' என் தூக்கத்தில்கூடக் கேட்டது.

இந்த நேரம் பார்த்துப் பெங்களூர் டிசைனர் போன் செய்தார். அதெல்லாம் தேவையே இல்லை, வெள்ளைப் பக்கத்தில் வெள்ளை எழுத்தில் 'பம்ப் பம்ப் பம்ப்' என்று நூற்றுக்கணக்கில் அடித்து வைத்தால் மனிதர் கண்ணுக்குத் தெரியாது, மிஷின் ஏமாந்துவிடும் என்று முதலாளியிடம் சொல்லியிருக்கிறார். ஊரில் ஒரு கம்பெனிக்கு அப்படிச் செய்து முதல் பக்கத்துக்குக் கொண்டுவந்தாராம். முதலாளிக்கு ஆசை வந்துவிட்டது. வராதா பின்னே? ஆயுத பூஜை நெருங்கிக்கொண்டிருந்தது, எனக்கே கை துறுதுறுத்தது.

நான் அந்தக் கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து, வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் மவுஸை அமுக்கி இழுத்துக் காட்டினேன். கறுப்புப் பட்டைக்குள் பம்ப் பம்ப் பம்ப் என்று ஒளிந்திருந்த எழுத்தெல்லாம் எழும்பி வந்தது.

"இதென்னம்மணி, காத்துக் கருப்பு எழுதி வெச்ச மாதிரி இருக்குது!" என்று முதலாளி பின்வாங்கினார்.

"இதைத்தான் நம்ம சைட்டுலயும் எழுதச் சொல்றாருங்க. நாளைக்கு ஒரு கஸ்டமர் இப்பிடி இழுத்துப் பாத்தா நம்ம கம்பெனியப் பத்தி என்ன நெனப்பாரு?"

அவருக்குக் கம்பெனிப் பெயர் என்றால் உயிர். கலப்படச் செம்புக் கம்பியில் ஒரு மோட்டார்கூடச் சுற்றவிடாதவர். வேண்டாம் என்று அவரே போன் போட்டுச் சொல்லிவிட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அன்றைக்குத்தான். ஆனால் என் பக்கம் இருந்த ஒரே குறுக்குவழியையும் நானே அடைத்துவிட்டேன். இனி எனக்கு இருந்தது நான் எழுதிய பக்கங்கள் மட்டும்தான்.

பூஜைக்கு முந்தின வாரம். பட்டறையில் கழுவிவிட ஆரம்பித்திருந்தார்கள், எங்கும் மண்ணெண்ணெய் வாசனை. முதலாளி வழக்கம்போல வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். தட்டினார். நான் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்து மறுபடி போட்டார்.

"அம்மணி, இது நம்ம பேருதான?"

முதல் பக்கத்தில் இருந்தோம். மேலே ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, கீழே ஒரு வெளிநாட்டுக் கம்பெனி, நடுவில் எங்கள் கணபதிக் கம்பெனி. இன்னொரு சர்ச் என்ஜினில் தட்டினேன், அங்கே இரண்டாம் பக்கத்தில். ஆட்கள் தங்குகிறார்களா என்று பார்க்கும் அந்த என்ஜினில் இன்னும் மேலே. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கவில்லை, வந்தால் வரட்டும் என்று விட்டுவிட்டேன். அது தற்செயலாக வந்தது, அப்போது போட்டியே இல்லை என்று பிற்பாடு சிலர் என்னிடம் சொன்னார்கள். சொல்லிக்கொள்ளட்டும். போட்டி இல்லாதபோதும் எங்கள் பழைய வாசலுக்குள் ஒருவரும் வரவில்லை.

அந்த வாரமே கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு ஈமெயில் வந்தது. வணக்கம் கிணக்கம் ஒன்றும் இல்லை. எங்கள் போர் முந்நூறு அடி, தண்ணீர் இவ்வளவில் நிற்கிறது, உங்கள் பக்கத்தில் பார்த்த இந்த மோட்டார் அனுப்ப முடியுமா என்று நேராக விஷயத்துக்கு வந்திருந்தார் ஒருவர். அவர் யார், எந்தக் குடும்பம், யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. முதலாளி அதைப் பிரின்ட் எடுத்துப் பட்டறைக்குக் கொண்டுபோய், மிஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லோருக்கும் கேட்கும்படி என்னைப் படிக்கச் சொன்னார். நான் ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொன்னேன்.

"டெலிபோனுக்கு வேற ஆளப் போட்டுக்கலாம்" என்றார் முடிவில், என்னைப் பார்க்காமல்.

ஆயுத பூஜை அன்று வேலை செய்பவர்களின் குடும்பமெல்லாம் கம்பெனிக்கு வரலாம். அம்மாவை வரச் சொன்னேன். அவள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவள். ஆனாலும் பொரியையும் சுண்டலையும் எந்தச் சாமி பெயரில் கொடுத்தாலும் வாங்கிக்கொள்வாள். அது அவள் கொள்கை. நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு சோமனூரிலிருந்து பஸ் ஏறி வந்தாள்.

மாடியறைக்குக் கூட்டிப் போனேன். கதவுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு அங்கேயே நின்றாள். கம்ப்யூட்டருக்கு மாலை போட்டிருந்தோம், குங்குமத்தை மட்டும் கீபோர்டுக்கு எட்டாமல் வைத்திருந்தேன்.

"உள்ள வாம்மா."

"இங்கிருந்தே நல்லாத் தெரியுது கண்ணு."

கையைப் பிடித்து இழுத்து வந்து திரைக்கு முன்னால் நிறுத்தினேன். இதுதான் நான் செய்தது என்று காட்டினேன். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. ரொம்ப நேரம் பார்த்தாள்.

"இதுக்குள்ள யாரு வேணும்னாலும் வரலாமா கண்ணு?"

"வரலாம்மா. உலகத்துல யாரு வேணாலும்."

"வந்தா என்ன கேப்பீங்க?"

"போர் எத்தனை அடின்னு கேப்போம்."

"அது மட்டுந்தானா? வேற ஒன்னும் கேக்க மாட்டீங்களா?"

"வேற ஒன்னும் கேக்க மாட்டோம்மா."

அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக நான் இன்னும் எத்தனை வெப்சைட் வேண்டுமானாலும் எழுதுவேன். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னேன். சுற்றும்முற்றும் பார்த்தாள். பிறகு கைப்பிடி இரண்டையும் பிடித்துக்கொண்டு, சாய்ந்தே உட்கார்ந்துவிட்டாள்.

அப்போதுதான் முதலாளி பொரித் தட்டோடு உள்ளே வந்தார். அம்மா துள்ளி எழப் பார்த்தாள். அவள் உடம்புக்குப் பழகியது அது. நான் அவள் தோளில் கையை வைத்துக்கொண்டேன். எழவிடவில்லை.

"அம்மாங்களா?" என்றார் என்னிடம். பிறகு அம்மாவிடம், "தாராபுரம் பக்கம்னு சொன்னாப்பல. அங்க எந்த…" என்று ஆரம்பித்தவர், அங்கேயே நிறுத்திவிட்டார். திரையைப் பார்த்தார். அதில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

"ஒக்காருங்கம்மா. பொரி எடுத்துக்குங்க" என்று தட்டை நீட்டினார்.

அம்மா ஒரு பிடி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"ஏனுங்க, உங்க தோட்டத்துக் கெணத்துல இப்ப எத்தன அடியில தண்ணி நிக்குதுங்க?"

முதலாளி மூலையிலிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அத ஏன் கேக்கறீங்கம்மா, ரெண்டு வருசமா கீழ போயிட்டேதான் இருக்குது" என்று சொல்ல ஆரம்பித்தார். அம்மா பொரியை மென்றுகொண்டு கேட்டாள். அவர் சொல்லி முடிக்கும் வரைக்கும் அந்த நாற்காலியிலிருந்து எழவில்லை.